சிவப்புக் கோடு இல்லாத இன்ஜின்

மரப்பெட்டியை லாரியிலிருந்து இறக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. நாலு ஆளுக்கும் சேர்த்துக் கத்துவதற்கு மாப்பிள்ளை ஒருவரே போதும். "பாத்து, பாத்து! சாய்க்காதே! உசுருய்யா அது!" என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தன் கல்யாணத்தன்றுகூட அவர் இப்படிப் பதறி நான் பார்த்ததில்லை.

பெட்டிக்குள் இருந்தது ஒரு இன்ஜின். எங்கோ ஒரு கடையில் கட்டி முடித்து, ஓட்டிப் பார்த்து, சீல் வைத்து, நேராக வண்டியில் மாட்டிக்கொள் என்று அனுப்பிய ரெடிமேட் இன்ஜின். கடையில் போய்ச் சட்டை எடுப்பதுபோல இன்ஜினும் எடுக்கலாம் என்பது எங்கள் சந்துக்கே புதுச் செய்தி. அது யார் வீட்டு வாசலில் வந்து இறங்கியது என்பதுதான் கொடுமை. இன்ஜின் கட்டுகிறவள் வீட்டு வாசலில்.

நான் பக்கத்துக் கொட்டகையில் கார் சீட் தைக்கிறவன். நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அந்தப் பக்கம் ஸ்பேனர் கீழே விழுந்தால் இந்தப் பக்கம் என் ஊசி தாவும். தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். போல்ட்டக்கா வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெட்டியையும் பார்த்தாள், வெங்காயத்தையும் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிடலாம். ஆனால் வரவில்லை.

போல்ட்டக்கா என்பது ஊர் வைத்த பெயர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். எதிரில் தங்கச்சி என்பேன், முதுகுக்குப் பின்னால் நானும் போல்ட்டக்காதான். அவள் அப்பா இரண்டு மெஷின்களையும் அந்தக் கொட்டகையையும் அவளுக்கு விட்டுப்போனார். ஒன்று இன்ஜினுக்குள் சுழல்கிற தண்டை, அதாவது கிராங்க்கை, கடைவதற்கு; இன்னொன்று இன்ஜினின் உடம்பான பிளாக்கைக் கடைவதற்கு. இரண்டையும் வைத்து இவள் பன்னிரண்டு வருஷமாகப் பந்தய வண்டிகளுக்கு இன்ஜின் கட்டினாள். ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து இறுக்கியதும், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுப்பாள். அப்புறம் அந்தப் போல்ட் மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். மாதம் இரண்டு பாட்டில் வாங்குவாள். தன் விரலில் ஒருநாளும் பூசிக்கொண்டதில்லை. பந்தய மைதானத்தில் வண்டியின் முன்மூடியைத் திறந்து சிவப்பைப் பார்த்தால், "ஓ, போல்ட்டக்கா கையா?" என்று ஒதுங்கி நிற்பார்கள். அவளுக்கு நகை நட்டு, சொத்து எல்லாம் அந்த ஒரு பேச்சுதான்.

மாப்பிள்ளை அவளிடம் வண்டி கொண்டுவந்த டிரைவர்களில் ஒருவர், அப்புறம் அவளையே கட்டிக்கொண்டவர். நன்றாக ஓட்டுவார், அதை மறைக்க வேண்டியதில்லை. மஞ்சள் நிறத்தில் இரண்டு கதவு வண்டி. அதில் டர்போ உண்டு. வெளியே போகிற புகையின் வேகத்தாலேயே ஒரு காற்றாடியைச் சுற்றவிட்டு, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான். எவ்வளவு திணிக்கலாம் என்பதற்கு ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. இறுக்க இறுக்க வேகம் கூடும். அளவு தாண்டினால் இன்ஜின் வெந்துபோகும். அந்த ஸ்க்ரூவிலும் போல்ட்டக்கா ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் பந்தயத்தில் கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில் மஞ்சள் வண்டி வெள்ளைப் புகை விட்டு நின்றது. மைக் பிடித்திருந்தவன் ஓடிப்போய் மாப்பிள்ளை வாயருகே மைக்கை நீட்டி, "என்னண்ணே ஆச்சு?" என்றான். மாப்பிள்ளை சிரித்தார்.

"வீட்டுல கட்டுன இன்ஜின் தம்பி. வீட்டுச் சாப்பாடு மாதிரிதான். ஒரு நாள் உப்பு இருக்கும், ஒரு நாள் இருக்காது."

மைதானமே சிரித்தது. போல்ட்டக்கா கையில் ஸ்பேனரோடு தடுப்புக் கம்பியருகே நின்றிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தச் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அவள் யாரையும் பார்க்கவில்லை.

அந்த ஒரு வாய்ச்சொல் போதுமாக இருந்தது. "உப்பு பாத்துக் கட்டுக்கா" என்று டீக்கடையில் கேட்டார்கள். ஒல்லி என்றொரு டிரைவர், பாதி கட்டின தன் இன்ஜினை மறுவாரமே வந்து எடுத்துக்கொண்டு போனான். அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர். சாயங்காலம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த கிராங்க் மெஷின் மத்தியானத்தோடு நின்றது, பிறகு காலையிலும் ஓடவில்லை.

பந்தயத்தில் நின்ற வண்டி வீட்டுக்கு வந்த அன்றே அவள் என்னைக் கூப்பிட்டிருந்தாள். "அண்ணே, நான் எதையும் தொடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துடுங்க" என்று முன்மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள். ஸ்க்ரூவின் சிவப்பு ஒரு பக்கம், இரும்பின் சிவப்பு ஒரு பக்கம். இரண்டு முழுச் சுற்றும் கொஞ்சமும் திருகியிருந்தது. அன்று சாயங்காலம் தகரச் சுவர் வழியே பேச்சு கேட்டது.

"டர்போ ஸ்க்ரூவத் திருகினீங்களா?"

"நான் எதுக்குத் திருகறேன்? வண்டி குலுங்குதில்ல, தானா சுத்தியிருக்கும்."

"தானா சுத்தினா கழலும். இது இறுகியிருக்கு. குலுக்குன குலுக்குல இறுகுன ஸ்க்ரூவ எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இப்ப என்னங்கிற? பசிக்குது, தட்டப் போடு."

தட்டுப் போடும் சத்தம் கேட்டது. மறுநாள் என்னிடம் சொன்னாள்: "மைக்குல சொன்னாருல்லண்ணே. அதே மைக்குல, 'திருகினது நான்தான்'னு ஒரு வார்த்த. எனக்கு வேற எதுவும் வேணாம்."

அந்த வார்த்தைக்குப் பதிலாகத்தான் இந்தப் பெட்டி வந்தது. பெட்டிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் சந்துக்கே தெரியும். அவள் தன் அக்கா பிரசவத்துக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தபோது, பிளாக் கடைகிற மெஷின் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் நாலு ஓட்டைதான் இருந்தது.

பெட்டியைப் பிரித்தார்கள். ஆணி பிடுங்கி, பலகை கழற்றி, பிளாஸ்டிக் உறையை உரித்தால், உள்ளே புதுப்பெண் மாதிரி இருந்தது இன்ஜின். வாய் திறந்த ஓட்டைக்கெல்லாம் நீல மூடி. மாப்பிள்ளை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு வாசற்படிப் பக்கம் திரும்பினார்.

"இந்தா, இப்பவே சொல்லிட்டேன். இதுல நீ கை வைக்கக் கூடாது. சீல் போச்சுன்னா கேரண்டி போச்சு. எதாவது போல்ட்டுல உன் சாயத்தப் பூசி வைக்காதே."

"தொடல" என்றாள் அவள்.

"பக்கத்துலயே வராதே."

"வரல."

லாரிக்காரன் கொடுத்த காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதிக் காகிதத்தை நட்டு டப்பாவுக்கு அடியில் செருகினார். ஆறேழு பக்கம் இருக்கும். புது வண்டியோடு வருகிற புத்தகத்தை யார்தான் படிக்கிறார்கள்?

இன்ஜினை மாட்ட ஒரு கூலி மெக்கானிக் வந்தான். அவன் பெயர் அவசரம். எந்த வேலையும் மத்தியானத்துக்குள் முடிய வேண்டும் அவனுக்கு. இருந்தாலும் கெட்டவன் இல்லை, வேலை தெரியாதவனும் இல்லை. பழைய குழாய்களைப் புது இன்ஜினில் மாட்டும்போது வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"அண்ணே, அந்த ஆயில் கூலர் பழசுதானே? முன் பம்பர் மூலையில ஒண்ணு இருக்கே."

"அதுக்கென்ன? ஒழுகுதா?"

"ஒழுகல. பழைய இன்ஜின் பேரிங் வெந்துல்ல போச்சு... எதுக்கும் அக்காவ ஒரு வார்த்த கேட்டுட்டா..."

"எதுக்கு அவளக் கேக்கணும்? சமையல் குறிப்பா? மாட்டுய்யா."

போல்ட்டக்கா பத்தடி தூரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் சட்டைதான். அதை உதறி, கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் என் கொட்டகைக்கு வந்தாள். கிழிந்த ஸ்டூல் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள், தைப்பதற்கு. எனக்குத் தெரியும், அது ஆறு மாதமாகக் கிழிந்துதான் இருக்கிறது.

"கேட்டீங்களா அண்ணே, அவசரம் கேட்டத?"

"கேட்டேன். அது என்ன கூலர்?"

"ஆயில் சுட்டுப்போனா ஆறவைக்கிற சாமான். உள்ள சின்னச் சின்னச் சந்து இருக்கும், நூறு சந்து. பழைய இன்ஜின்ல கிராங்க்கத் தாங்கற பேரிங் அரைஞ்சப்ப அதோட செம்புத் தூள் பூரா ஆயிலோட ஓடிச்சு. இன்ஜின கழட்டிக் கழுவலாம். குழாயக் கழுவலாம். கூலர் சந்துல போய்ப் படிஞ்சது எவ்வளவு கழுவினாலும் முழுசா வராது. புது இன்ஜின் மாட்டறப்ப கூலரத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடணும். இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"மாப்பிள்ளைக்கு?"

"அவரு ஓட்டறவருண்ணே. பன்னண்டு வருஷமா இதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன். தானா நடக்குதுன்னு நெனச்சிட்டாரு." நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலின் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தாள். "அந்தக் காகிதத்துலயும் எழுதியிருக்கு. மூணாம் பக்கம். நான் படிச்சுட்டு அதே எடத்துல வச்சிட்டேன். அந்தப் பக்கத்தத்தான் மேல வச்சிருக்கேன். பாத்தா கண்ணுல படும்."

"இன்னைக்கே ஓட்டப்போறாரே. தூள் வந்து உடனே தெரிஞ்சிடாதா?"

"தெரியாது." அப்போதுதான் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இன்ஜினைப் பற்றிப் பேசும்போது எப்போதும் வருகிற வெளிச்சம்தான். "கூலருக்கு முன்னாடி ஒரு கதவு இருக்கு. ஆயில் நல்லாச் சூடானாத்தான் தொறக்கும். தெருவுல ஓட்டினா தொறக்காது. கடைக்குப் போய்ட்டு வந்தா தொறக்காது. பந்தயத்துல மிதிச்சு ஓட்டறாரே, மூணாவது, நாலாவது சுத்து, அப்பத்தான் தொறக்கும். தொறந்தா தூள் ஃபில்டருக்குப் போகாது. நேரா பேரிங்குக்கு."

"எல்லாரும் பாத்துக்கிட்டிருப்பாங்க."

"ஆமா. எல்லாரும் பாத்துக்கிட்டிருப்பாங்க."

நான் ஊசியில் நூல் கோத்தேன், அவிழ்த்தேன், மறுபடி கோத்தேன். "தங்கச்சி, ஒரு வார்த்த சொல்லிடேன். ஆயிரந்தான் இருந்தாலும் வீட்டுக் காசு."

"எங்கப்பா மெஷினுண்ணே அது." குரலை உயர்த்தவில்லை. "சரி, நான் சொல்ல வேணாம். நீங்க சொல்லுங்க. ஸ்க்ரூவ நீங்களும்தானே பாத்தீங்க? மைதானத்துக்காரங்க பத்து பேரு உங்ககிட்ட சீட்டுத் தைக்க வராங்க. அதுல ஒருத்தர்கிட்டயாவது, 'இல்லப்பா, நான் கண்ணால பாத்தேன்'னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அவர்கள் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள். என் மெஷின் ஓட வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். "ஸ்டூல் நாளைக்குத் தரேன்" என்றேன். அவள் எழுந்து போனாள். கூலரைப் பற்றி நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு தரம் வாயை மூடினதற்கு இன்னொரு தரம் வாயை மூடிக் கணக்குத் தீர்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறு வாரம் முழுக்க மஞ்சள் வண்டி சந்துக்குள் போகவும் வரவுமாக இருந்தது. புது இன்ஜினைக் கொஞ்ச நாள் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டுமாம். மாப்பிள்ளை பாலுக்கும் வண்டி எடுத்தார், பத்திரிகைக்கும் வண்டி எடுத்தார். நின்ற இடத்திலேயே உறுமவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. கட்டினவன் நல்ல கைக்காரன்.

அந்த நாட்களில் போல்ட்டக்கா பழைய இன்ஜினைக் கொட்டகையின் பின்மூலைக்கு நகர்த்திப் பிரித்தாள். கிராங்க் மெஷின் மறுபடி ஓடியது. வெந்த கிராங்க்கைக் கடைந்தாள், புதுப் பேரிங் வாங்கி வந்தாள், பிஸ்டன் வளையங்களை ஒவ்வொன்றாக அரம் போட்டு அளவு பார்த்தாள். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை அடிக்க, உள்ளே அவள் குண்டு பல்பு வெளிச்சத்தில் குனிந்திருப்பாள். "எதுக்கு அந்தக் குப்பைய நோண்டிட்டிருக்க?" என்று மாப்பிள்ளை ஒருநாள் கேட்டார். "சும்மாதான்" என்றாள்.

ஒரே ஒருநாள் அவள் அசைந்ததை நான் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம், நாளைக்குப் பந்தயம். மாப்பிள்ளை ஹோட்டலிலிருந்து பொட்டலம் வாங்கி வந்து, "இன்னைக்கு நீ அடுப்பு பத்தவைக்காதே" என்றார். என்னையும் கூப்பிட்டார். மூன்று பேரும் கொட்டகையில் பழைய டயர் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல மனநிலையில் இருந்தார். அவள் தட்டில் தன் பங்கிலிருந்து எடுத்து வைத்தார். அவள் அந்த வண்டியைப் பார்த்தாள், முன் பம்பரின் மூலையைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அந்தக்..."

"சத்தத்தக் கேட்டியா?" என்று அவர் தன் போக்கில் பேசினார். "இதுதான் இன்ஜின். இத்தன வருஷம் நாம ஓட்டுனதெல்லாம் என்ன தெரியுமா? அண்ணே, நீங்களே சொல்லுங்க."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். "அந்தத் தண்ணிச் சொம்ப எடுங்க" என்று முடித்தாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. போல்ட்டக்கா தலை குளித்து, இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்தி, நாலு மாதத்துக்குப் பிறகு மைதானத்துக்கு வந்தாள். ரெடிமேட்காரரும் வந்திருந்தார். தன் இன்ஜின் ஓடுவதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் அவருக்கு. வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. மாப்பிள்ளை அவர் தோளில் கை போட்டுப் படம் பிடித்துக்கொண்டார்.

முதல் சுற்றில் மஞ்சள் வண்டி முன்னால் வந்தது. இரண்டாவதில் இன்னும் முன்னால். கூட்டம் விசில் அடித்தது. போல்ட்டக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது சுற்றில் வண்டி எங்களைத் தாண்டும்போது, "சூடாயிடுச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாலாவது சுற்றில் எனக்கே கேட்டது. டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல ஒரு சத்தம். வளைவு திரும்பி நேர்ப்பாதைக்கு வந்ததும் வண்டி இருமியது, அடங்கியது, கூட்டத்துக்கு எதிரிலேயே உருண்டு வந்து நின்றது. அவள் விரல் நீட்டி இடம் காட்டியிருந்தால்கூட அவ்வளவு சரியாக நின்றிருக்காது.

மைக் பிடித்தவன் ஓடினான். மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தார்.

"என்னைக் கேக்காதே. சீல் வச்சு வித்தாரே, அந்தப் பெரிய மனுசனக் கேளு!"

ரெடிமேட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கேளுங்களேன், பதில் சொல்றேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினார். ஒரு ஸ்பேனர் கேட்டு வாங்கினார். இன்ஜினைத் தொடவே இல்லை. நேராக முன் பம்பரின் மூலைக்குப் போய்க் கூலரின் குழாயைக் கழற்றி, யாரோ சாப்பிட்டு வைத்திருந்த வெள்ளைத் தட்டை அடியில் பிடித்தார். கறுப்பு எண்ணெய் வடிந்தது. தட்டைச் சாய்த்து வெயிலில் காட்டினார். எண்ணெய்க்குள் செம்பு மினுமினுத்தது.

"நான் போடறது அலுமினியப் பேரிங். என் இன்ஜின்ல செம்பே கெடையாது. இது பழைய இன்ஜினோட தூள். கூலர மாத்தணும்னு மூணாம் பக்கத்துல கொட்ட எழுத்துல போட்டிருக்கேன். யாருய்யா மாட்டினது?"

அவசரத்தை அங்கே காணவில்லை. மாப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம், வேறு யாரும் அகப்படாததுபோல, அவளைக் கைகாட்டினார்.

"வீட்டுல மாட்டினது. வீட்டுல யாரு இன்ஜின் வேல பாக்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்ல."

இரண்டாம் தடவை. அதே மைதானம், அதே மைக். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் போல்ட்டக்கா கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். அவசரப்படவில்லை. வண்டியின் முன்மூடியை முழுக்கத் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தினாள்.

"வந்து பாருங்க எல்லாரும். பன்னண்டு வருஷமா என் கை பட்ட போல்ட்டுல என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். இதுல எங்க இருக்கு என் சிவப்பு? ஒரு கோடு காட்டுங்க."

டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். ஒல்லி டார்ச் அடித்துக்கூடப் பார்த்தான். சிவப்பு எங்கும் இல்லை.

என் வாய் அப்போதுதான் திறந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னேன். "போன இன்ஜின்லயும் ஒரு கோடு பிரிஞ்சிருந்துச்சு. டர்போ ஸ்க்ரூவுல. அவ கை வைக்கறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். ரெண்டு சுத்து இறுக்கியிருந்துச்சு." நாலு மாதம் தாமதம்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரெடிமேட்காரர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க வேல தெரிஞ்சவங்க. இந்தக் கூலர் விஷயம் உங்களுக்குத் தெரியாதா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் மனசுக்குள் சொல், சொல் என்று வேண்டிக்கொண்டேன்.

"தெரியும்" என்றாள். "மாட்டறதுக்கு முன்னாடியே தெரியும். நாலாவது சுத்துல நிக்கும்னும் தெரியும்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"தொடாதேன்னாரு. கையாலயும் தொடல, வாயாலயும் தொடல."

மாப்பிள்ளையின் முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். இன்ஜின் போனதைவிட அந்த ஒரு சொல் அவரை அடித்தது. ஒரு வாரம் பாலுக்கும் பத்திரிகைக்கும் வண்டி எடுத்ததும், ஹோட்டல் பொட்டலமும், எல்லாம் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் பத்து நாள் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும்தான். கேரண்டி இல்லை. வண்டி செங்கல் மேல் நின்றது. பின்மூலையில் தார்ப்பாய்க்குள் அவள் கட்டி முடித்த பழைய இன்ஜின் இருந்தது. மாப்பிள்ளை அதைச் சுற்றி நடப்பார், தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்குவார், உள்ளே வரிசை வரிசையாகச் சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு விடுவார். பதினோராவது நாள் காலையில் சமையலறையிலிருந்து குரல் கேட்டது.

"சரி. திருகினது நான்தான். போதுமா?"

"யார்கிட்ட சொல்றீங்க?"

"உங்கிட்டதான்."

"எனக்குத்தான் தெரியுமே. கோடு சொல்லிச்சு. யாருக்குத் தெரியாதோ அவங்ககிட்ட சொல்லுங்க."

"சொன்னா அந்த இன்ஜின் எனக்கா?"

"சொல்லுங்க. மைக்குல சொன்னீங்க, மைக்குல சொல்லுங்க."

அடுத்த பந்தயத்துக்கு வண்டி இல்லாமல் நடந்து வந்தார் மனுஷன். மைக் பிடித்தவனிடம் தானே கேட்டு மைக்கை வாங்கினார். "அன்னைக்கு வெந்துபோன இன்ஜின்... அதுல தப்பு இல்ல. வேகம் வேணும்னு ஸ்க்ரூவ நான்தான் திருகினேன். கட்டினவ மேல தப்பு இல்ல. இன்னொரு தடவையும் அவ மேல பழி போட்டேன். அதுவும் பொய்." அவ்வளவுதான். மைக்கைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் அவளைத் தேடினார். அவள் கம்பியைப் பிடித்தபடி முழுக்கக் கேட்டாள். தலையை ஒரு தரம் ஆட்டினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகப் பின்மூலைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தார். அடியில் இரண்டு காலி எண்ணெய் டின்னும் ஒரு ஸ்டூலும் இருந்தன. நான் தைத்துக் கொடுத்த ஸ்டூல்.

"இன்ஜின் எங்க?"

"வித்தாச்சு. முந்தாநாளு."

"யாருக்கு?"

"ஒல்லிக்கு. கட்டி முடிச்ச இன்ஜினா வேணும்னு கேட்டான். ரெடிமேட்."

"நான் சொன்னா குடுக்கறேன்னியே!"

"எப்பச் சொன்னேன்? சொல்லுங்கன்னுதான் சொன்னேன்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தரையில் பிளாக் மெஷின் இருந்த இடத்தின் நாலு ஓட்டையைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, செங்கல் மேல் நின்ற மஞ்சள் வண்டிக்கு முன்னால் மண்டியிட்டார். பம்பரைக் கழற்றினார். ஆயில் கூலரை, வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும், தன் கையால் கழற்றி எடுத்தார். ஒரு தட்டில் பெட்ரோல் ஊற்றி அதற்குள் வைத்து ஆட்டி ஆட்டிக் கழுவினார். மினுமினு என்று தூள் வந்தது. பெட்ரோலை மாற்றி மறுபடி கழுவினார். மறுபடியும் வந்தது. வெயில் சாய்கிற வரைக்கும் கழுவினார்.

போல்ட்டக்கா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"இன்னும் எத்தன தடவ கழுவணும்?"

அவள் எழுந்து, கதவருகே போய் நின்றாள்.

"அது கழுவினாப் போகாதுங்க" என்றாள்.